வேலிக்குள் நிற்கிற துவக்கு

2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணிக்கு, நாடு முழுக்க ஐந்து நிமிடம் அவரவர் காணியில் நின்று குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணச் சொன்னார்கள். முத்தையன்கட்டுப் பக்கம் என் அக்கா மகன், புதிதாய்க் கச்சான் விதைத்த துண்டின் வேலியோரம் தாளும் பேனையுமாக நின்றான். மயில் பதினொன்று, மந்தி ஒரு கூட்டம். எண்ணி முடித்த கையோடு எனக்குக் கோல் எடுத்தான்.

"மாமா, சின்னத் துவக்கு ஒண்டு வாங்கலாமெண்டு இருக்கிறன். பேணி அடிச்சுப் பழகி, பிறகு தோட்டத்துக்கும் பாவிக்கலாம். எது நல்லது?"

இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்கவில்லை. விசுவமடு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று எனக்குத் தெரிந்த இளம் விவசாயிகள் பலர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்கு அரைகுறையாகச் சொல்லாமல் ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று இருந்தேன்.

எனக்கு இதில் என்ன பழக்கம் என்று முதலில் சொல்லவேண்டும். 1990களில் நான் ஜேர்மனியில் ஒரு சிறிய ஊரில் வேலை செய்தேன். அங்கே ஊருக்கு ஊர் சுடுகழகம் உண்டு. கூட வேலை செய்த ஒருவர் என்னையும் கூட்டிப்போனார். முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது. வன்னியில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் வேறு பலதை ஞாபகப்படுத்தும். கழகத்துப் பெரியவர் என்னை அவசரப்படுத்தவில்லை. மூன்று கிழமை சும்மா இருத்திப் பார்க்கவிட்டு, நாலாவது கிழமை மருந்து இல்லாமல் காற்றின் அழுத்தத்தால் சுடும் ஒரு காற்று றைபிளைக் கையில் தந்தார். பன்னிரண்டு வருடம் அங்கே 10 மீற்றரில் காற்று றைபிளும் 50 மீற்றரில் .22 றைபிளும் சுட்டேன். துவக்குக்கு அளவு உண்டு, எல்லை உண்டு என்று நான் படித்தது அங்கேதான்.

"சின்ன" என்றால் என்ன?

மருமகன் கேட்ட "சின்னத் துவக்கு" என்ற சொல்லில்தான் முதல் சிக்கல். கலிபர் என்பது துவக்குக் குழலின் உள்விட்டம். .22 என்றால் ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்து அதில் இருபத்திரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீற்றர். .177 என்றால் நாலரை மில்லிமீற்றர். கிணற்று வாயின் அகலத்தைக் கேட்டு ஆழத்தைச் சொல்ல முடியாது அல்லவா? அதேபோல்தான் குழலின் அகலத்தை வைத்துத் துவக்கின் பலத்தைச் சொல்ல முடியாது.

நம் ஊரில் பயிர்க் காவலுக்குப் பழக்கமான பன்னிரண்டு போர் (bore) துவக்கில் கணக்கே தலைகீழ். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவு அகலம் அந்தக் குழல். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீற்றர். ஆகவே இருபது போர் என்பது பன்னிரண்டு போரைவிடச் சிறியது. எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்.

பேச்சில் கலந்துவிடும் இரண்டு சொற்களையும் இந்த இடத்திலேயே பிரித்து வைத்துக்கொள்வோம். கோதும் மருந்தும் ஈயமும் சேர்ந்த முழுச் சாமான் ரவை. குழலிலிருந்து பறந்து போகும் ஈயம் சன்னம். காற்று றைபிளுக்கு ரவை இல்லை, சன்னம் மட்டும்தான்.

எம்-16 என்ற இராணுவத் துவக்கு சுடுகிற 5.56 ரவை வன்னியில் ஒரு தலைமுறைக்கே தெரியும். அதன் சன்னத்தின் விட்டம் 5.7 மில்லிமீற்றர். வெளிநாடுகளில் பண்ணைப் பிள்ளைகள் பேணி அடித்துப் பழகும், மருந்து ரவை போடும் .22 றைபிளின் சன்னமும் ஏறத்தாழ அதே விட்டம். கடையில் விற்கும் .22 காற்று றைபிளின் சன்னம் 5.5 மில்லிமீற்றர். மூன்றையும் ஒரு மேசையில் வைத்தால் தடிப்பில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பலத்தைப் பாருங்கள், அதை யூல் என்ற அலகால் அளப்பார்கள். காற்று றைபிளில் ஒரு கிராம் ஈயம் செக்கனுக்கு 180 மீற்றர் வேகத்தில் போகும், அது 16 யூல். .22 றைபிளில் 2.6 கிராம் ஈயம் 330 மீற்றர் வேகத்தில் போகும், அது 140 யூல். 5.56இல் 1,700 யூலுக்கு மேல். ரி-56 என்ற இராணுவத் துவக்கின் ரவை 2,000 யூல் அளவில் நிற்கும்.

யூல் கணக்கு மனதில் நிற்காவிட்டால் தேங்காயால் அளக்கலாம். ஒன்றரைக் கிலோ உரிக்காத தேங்காய் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதுதான் காற்று றைபிள். அதே தேங்காய் ஒன்பது, பத்து மீற்றர் மரத்தின் வட்டிலிருந்து விழுவது .22 றைபிள். 5.56க்கு அந்தத் தேங்காயை நூற்றிருபது மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பலம் முழுவதும் பென்சில் தடிப்புக்கும் குறைந்த ஓர் இடத்தில் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 16 யூலும் விளையாட்டில்லை. கண்ணில் பட்டால் கண் போகும், நெஞ்சில் பட்டால் உயிரே போகலாம்.

எங்கே போய் நிற்கும்?

ஒரு ஏக்கர் காணி சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கம் 64 மீற்றர். இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள். துவக்கு வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

.22 றைபிள் அருமையான கருவி. அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் என்ற நிறுவனம் 1887இல் கொண்டுவந்த ரவை அது. கோதின் அடி விளிம்புக்குள்ளேயே பற்றுமருந்து இருக்கும், துவக்கின் ஊசி அந்த விளிம்பில் அடிக்கும். மலிவு, உதைப்பு இல்லை, துல்லியம். ஆனால் சாய்வாக மேல்நோக்கிச் சுட்டால் அந்தச் சன்னம் ஒன்றரை மைல் வரை போய் ஆபத்துச் செய்யும் என்று பல ரவைப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். ஒன்றரை மைல் என்றால் 2,400 மீற்றர். நம் ஏக்கர்க் காணிகளை வரிசையாக அடுக்கினால் முப்பத்தேழு காணி தாண்டும். அந்த முப்பத்தேழு காணிக்குள் யார் வீட்டில் யார் முற்றம் கூட்டுகிறார், யார் மாடு சாய்த்துக்கொண்டு வருகிறார் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைக்கு நடுவில் நின்று முயல் சுடுகிறவன் சொல்லும் புத்திமதி, வரிசையாய் வீட்டுத்திட்ட வீடுகள் இருக்கும் நம் ஊருக்குப் பொருந்தாது. காற்று றைபிளின் சன்னமும் சில நூறு மீற்றர் போகக்கூடியதுதான். ஆனால் ஒரு மண்மேடும் நிதானமும் இருந்தால் அதை வேலிக்குள் நிறுத்தலாம்.

சன்னத்தோடு சத்தமும் வேலி தாண்டும். வெளிநாட்டுக்காரர் எழுதும் விளக்கங்களில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும். எனக்கோ இதுதான் பெரிய காரணம். எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா இருக்கிறா. கலியாண வீட்டு வெடிக்கே அவ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவா. விடியப்புறம் துவக்குச் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துப்போகிற ஆட்கள் வன்னியில் எத்தனை பேர்! .22 ரவையின் வெடிச் சத்தம் காதைப் பாதிக்கக்கூடிய அளவு, ஊர் முழுக்கக் கேட்கும். சுருள்வில் காற்று றைபிளில் தகரத்தில் தடியால் ஓர் அடி அடித்ததுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கும்கூட அயலட்டைக்கு முதலே சொல்லிவிட்டுத்தான் பழகவேண்டும். மருமகனுக்கு நான் போட்ட முதல் நிபந்தனை அது.

ஆகவே என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். வன்னியில் முதல் துவக்கு வேண்டும் என்பவருக்கு ஏற்றது, சன்னமும் சத்தமும் சொந்த வேலிக்குள் நிற்கிற காற்று றைபிள். மற்றவை பிறகு, தேவை உண்மையாக இருந்தால்.

கடைக்கு முன் கச்சேரி

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. பயிர்க் காவல் துவக்குக்கு மாவட்டச் செயலகம் (கச்சேரி) ஊடாக அனுமதி எடுத்து, அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். காற்று றைபிள் என்றாலும் கடைக்காரர் "இதுக்கு ஒண்டும் தேவையில்லை" என்று சொல்வதை வைத்துக் காசு கொடுக்காதீர்கள். கிராம அலுவலரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் அன்றைய நடைமுறையைக் கேட்டு, எழுத்தில் கிடைப்பதை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். நமது பகுதியில் ஒருவர் கையில் நீளமாக ஏதோ இருக்கிறது என்று தூரத்தில் பார்ப்பவருக்கு அது காற்றா, மருந்தா என்று தெரியாது. றைபிளை உறையில் போட்டுத்தான் தெருவில் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் அப்பப்பாவிடம் அனுமதியுள்ள இரட்டைக்குழல் இருந்தது. பிரச்சினை தொடங்கின காலத்தில் கையளித்தார், திரும்பி வரவில்லை. அதன் சிட்டையைச் சாகும்வரை பெட்டகத்தில் வைத்திருந்தார். கடதாசியின் பெறுமதி எனக்கு அவரிடம் வந்த பாடம்.

இடியன் துவக்கையும் கட்டுத்துவக்கையும் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர்க் குழாயில் நெருப்புக்குச்சி மருந்து அடைத்துச் செய்யும் சாமான் எப்போது முன்னுக்கு வெடிக்கும், எப்போது பின்னுக்கு வெடிக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. பன்றித் தடத்தில் கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு, மாடு தேடி வந்த அயலவனின் காலைத்தான் முறிக்கும். இரண்டும் சட்டவிரோதம். இரண்டையும் தொடவே வேண்டாம்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

16 யூல் எதற்குப் போதும்? எலிக்குப் போதும். நெல் மூடை அடுக்கிய அறையில், கோழிக்கூட்டுக்குக் கீழே, மரவள்ளிக் கிழங்கைக் குடையும் இடத்தில் எலிதான் நமக்கு அன்றாட நட்டம். எலிக்காய்ச்சலும் அதோடு வருகிறது. சுட்ட எலியை வெறுங்கையால் தூக்காமல், பொலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து ஆழப் புதையுங்கள்.

காட்டுப்பன்றிக்கு அது உதவாது. தோலும் கொழுப்பும் தாண்டாத சன்னம் உள்ளே இருந்து சீழ் பிடித்து, பன்றி பல நாள் வதைபட்டுச் சாகும். முள்ளம்பன்றிக்கும் அப்படியே. மந்திக்கும் குரங்குக்கும் சுடுவதைப்பற்றி மருமகன் கேட்டபோது நான் சத்தமாகவே பேசிவிட்டேன். காயப்பட்ட குரங்கு கூட்டத்தோடு ஓடிவிடும், கூட்டம் நாளைக்கும் வரும், காயம்தான் மிச்சம். மயில் முருகனின் வாகனம் என்பதற்காக எங்கள் வீட்டில் கை வைக்க மாட்டோம். அது ஒருபுறம் இருக்க, அடர்ந்த இறகுக்குள் உயிர்நிலை எங்கே என்று தூரத்திலிருந்து கண்டுபிடிப்பதும் கஷ்டம். யானையை நோக்கி எந்தச் சின்னச் சன்னமும் போகவே கூடாது. உடம்பில் சன்னங்களோடு மாதக்கணக்காக நொண்டித் திரியும் யானை, வலியில் ஆளைக் கண்டாலே துரத்தும். அடுத்த ஊரில் விடியற்காலை சைக்கிளில் போகிறவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

சட்டமும் இதில் நிற்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எந்த உயிரை எந்த அட்டவணையில் வைத்திருக்கிறது என்பதை வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், எலியைத் தாண்டி எதையும் குறி வைக்காதீர்கள்.

அப்போ கச்சானுக்கு என்ன வழி? முளைக்கும்வரை இரண்டு கிழமை காவல், பழைய மீன்வலை, நாய், பரண், தகரச் சத்தம். பழைய வழிகள்தான். காற்று றைபிள் மயில் பிரச்சினையைத் தீர்க்கும் என்று நினைத்து வாங்கினால் காசு வீண். இதைக் கேட்டபோது மருமகனின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனால் நெல் அறை எலிக்கும் பேணி அடிக்கவும் வேண்டும் என்று சொன்னான். அது நியாயமான தேவை.

எதை வாங்குவது?

காற்று றைபிளில் மூன்று வகை முக்கியம். சுருள்வில் வகையில், குழலை மடக்கும்போது உள்ளே வில் நெரியும். விசையை இழுத்ததும் வில் விரிந்து ஒரு முசலத்தை (பிஸ்டனை) தள்ள, முசலம் காற்றை நெரித்துச் சன்னத்தைத் துரத்தும். சைக்கிள் பம்பை ஓங்கி ஒரே அடியாக அடிப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைப்பார்கள். மிக மென்மையாகச் சுடும், உதறல் இல்லை. ஆனால் அதற்கு விசேட பம்போ சிலிண்டரோ வேண்டும், ஒரு வளையம் கசிந்தால் திருத்த ஆள் தேடி அலைய வேண்டும். மூன்றாவது 12 கிராம் கரியமிலவாயுக் குப்பியில் ஓடுவது. குப்பிக்கு எங்கே போவது? வெயிலுக்கு அழுத்தம் வேறு ஏறி இறங்கும், குறியும் அதோடு மாறும். மின்சாரமும் கடையும் தூரமாக இருக்கும் தோட்டத்துக்குச் சுருள்வில்தான். முப்பது வருடப் பழைய துவக்கில்கூட வில்லும் வளையமும் மாற்றினால் மறுபடி ஓடும்.

அடுத்தது .177ஆ, .22ஆ? ஒரே 16 யூலில் .177இன் அரைக் கிராம் சன்னம் செக்கனுக்கு 250 மீற்றர் அளவில் போகும், .22இன் ஒரு கிராம் 180இல் போகும். முன்னது கூடுதலாக நேர்கோட்டை ஒட்டிப் போகும், தூரத்தைச் சிறிது பிழையாக மதித்தாலும் குறி தப்பாது. ஒலிம்பிக்கில் 1984 முதல் இருக்கும் 10 மீற்றர் காற்று றைபிள் போட்டி நாலரை மில்லிமீற்றரில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் நம் நாட்டுத் தெஹானி எகொடவெலவும் டோக்கியோவில் சுட்டது அந்த அளவில்தான். அந்தக் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். கடதாசிக்கும் பேணிக்கும் மட்டும் என்றால் .177 எடுங்கள். எலியும் உண்டு என்றால் .22. கனத்த சன்னம் எலியை அதே இடத்தில் நிறுத்தும். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரலுக்கு அதைக் குழலில் வைப்பதும் சுகம்.

பெட்டியில் "1,200 அடி வேகம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது செக்கனுக்கு 366 மீற்றர், ஒலியைவிட வேகம். பாரம் குறைந்த உலோகச் சன்னத்தைப் போட்டு எடுத்த எண் அது. ஒலி வேகத்தைத் தாண்டிப் பிறகு இறங்கும் சன்னம் வழியில் தடுமாறும். குறியும் கெடும், சத்தமும் கூடும். அளவான வேகத்தில் ஒரே துளையில் ஐந்தைப் போடும் துவக்கு அதைவிட எவ்வளவோ மேல். பலம் கூடிய சுருள்வில் துவக்கு மடக்கவும் கஷ்டம், உதறலும் அதிகம். புதிதாகப் பழகுபவர் முப்பதாவது சன்னத்திலேயே கை சோர்ந்துவிடுவார்.

பழையது வாங்குவதானால் பார்க்க வேண்டியவை சில. குழலை மடக்கும்போது உள்ளே கரகரவென்று அரைபடுகிறதா என்று காது கொடுங்கள். மூடிய பின் குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் வேண்டாம். மடக்கின குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் சுருள் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். கடலோரத்துத் துவக்குகளில் உப்புக்காற்று உள்ளே துரு பிடித்திருக்கும். பிடங்கை, அதாவது துவக்கின் பின்மரத்தை, தோளில் வைத்தால் கன்னம் தானாக மரத்தில் பொருந்திக் கண் குறிக்கு நேரே வரவேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அது உங்கள் அளவு இல்லை. தொலைநோக்கிக் குறி முதல் ஆறு மாதம் வேண்டாம். சுருள்வில் துவக்கு முதலில் பின்னுக்கும் உடனே முன்னுக்கும் உதறும், சாதாரணத் தொலைநோக்கியின் கண்ணாடி அந்த முன் உதறலில் கழன்றுவிடும். இரும்புக் குறியில் பழகின கண் பிறகு எதிலும் நிற்கும்.

பேணி அடித்துப் பழகுதல்

கெற்றப்போலால் பனங்கொட்டை அடித்து வளர்ந்த எங்களுக்கு இதன் சந்தோசத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை. வெறும் பால்மாப் பேணி, சிரட்டை, கயிற்றில் தொங்கும் போத்தல் மூடி, எதுவும் குறிதான். கண்ணாடிப் போத்தல் மட்டும் வேண்டாம், வெறுங்காலோடு நடக்கும் மண் இது.

பேணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். நான் ஊர் திரும்பிய புதிதில் பனைமரத்தில் பேணியைச் செருகிச் சுட்டேன். வயிரம் பாய்ந்த பனையில் பட்டுத் திரும்பிய சன்னம் என் காதோரம் போனது. அன்றிலிருந்து ஈர மண் நிரப்பிய உரப்பைகளை மூன்று அடுக்கி அதன் முன்னால்தான் பேணி வைப்பேன். கறையான் புற்று மண்ணும் நல்லது, பாம்பு இல்லையென்று பார்த்துக்கொண்டால். குளக்கட்டு நல்ல மண்மேடாகத் தெரியும், ஆனால் கட்டுக்கு மேலே ஆட்கள் நடப்பார்கள், மறுபக்கம் குளிப்பார்கள். அந்தத் திசையே வேண்டாம். தண்ணீரை நோக்கியும் சுடக்கூடாது. தட்டைக் கல்லை எறிந்தால் தத்திப் போவதுபோல் சன்னமும் நீரில் தத்திப் போகும். மேல்நோக்கி மரத்துக்குச் சுடுவதும் அப்படித்தான், தவறின சன்னம் யார் கூரையில், யார் சோலர் தகட்டில் விழும் என்று சொல்ல முடியாது.

துவக்கு எப்போதும் நிரம்பியிருக்கிறது என்றே எண்ணுங்கள். குழல் ஆளை நோக்கக் கூடாது, குறியில் கண் வரும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மடக்கு துவக்கில் இன்னொன்று உண்டு: சன்னம் வைக்கும்போது மற்றக் கையால் குழலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். விசை தட்டுப்பட்டுக் குழல் படாரென்று மூடினால் விரல் போய்விடும். சன்னம் இல்லாமல் வெறுமனே தட்டவும் வேண்டாம். நெரிக்கக் காற்றுத் தடை இல்லாமல் முசலம் இரும்பில் போய் மோதி உடையும்.

சுருள்வில் துவக்கை இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. இறுக்கினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக உதறிக் குறி சிதறும். முன்கையை விரித்து, கோழிக்குஞ்சை ஏந்துவதுபோல் உள்ளங்கையில் துவக்கை இருக்க விடுங்கள். உதறுகிற அளவுக்கு அது உதறட்டும். சுட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் குறியிலேயே கண்ணை வைத்திருங்கள். இந்த இரண்டும் பழக எனக்கு ஒரு மாரி முழுக்கப் போனது.

பத்து மீற்றரில் தொடங்குங்கள். காலை ஏழு மணிக்கு முன் நல்ல நேரம். வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பிவிட்டால் ஒரு கிராம் ஈயத்தை அது இழுத்துக்கொண்டு போகும். கடதாசியில் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து வட்டம் கீறுங்கள். அதன் அகலம் 23 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், எலியின் உயிர்நிலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இருந்தபடி சுட்ட ஐந்தும் அந்த வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுவே நீங்கள் எலிக்குச் சுடக்கூடிய எல்லை. இன்றைக்கு அது பத்து என்றால் பத்து. பன்னிரண்டில் நிற்கும் எலியை விட்டுவிட வேண்டும். சன்னத்தில் தலை உருண்டது, தட்டையானது என்று வகைகள் உண்டு. ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும், இரண்டு மூன்று பேணி வாங்கிச் சுட்டுப் பார்த்துத்தான் தெரியும். சன்னத்தை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது ஈயம், உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் தேத்தண்ணி.

துவக்கு ஒரு பூட்டில், சன்னம் இன்னொரு பூட்டில். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் பேச்சுக்கே இடமில்லை.

மண் வெட்டும்போது இன்னும் பழைய ரவைகள் வருகின்றன. உரப்பைக்கு மண் எடுக்கப் போன என் மருமகனுக்கும் இரண்டு வந்தது. துருப்பிடித்த ரவையை எடுத்துத் துடைத்துப் பார்க்கவோ, கோதைக் கழற்றி மருந்து எடுக்கவோ, எந்தத் துவக்கிலும் போட்டுப் பார்க்கவோ கூடாது. பக்கத்தில் வேறு என்ன புதைந்திருக்கும் என்றும் தெரியாது. ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்து, வந்த அடியிலேயே திரும்பி நடந்து, பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ சொல்லவேண்டும். அவன் அப்படித்தான் செய்தான். அவர்கள் வந்து பார்த்து முடிக்கும்வரை பழகுவதை நிறுத்தி வைத்தோம்.

கடதாசி வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஒரு பழைய .22 சுருள்வில் துவக்கு, மேலே சொன்னபடி ஆட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து வாங்கினோம். பின்வளவில் அடுக்கிய மண்மூடைக்கு முன்னால் நின்று அவன் சுட்ட முதல் கடதாசியைப் போன கிழமை வைபரில் அனுப்பினான். பத்து மீற்றர், ஐந்து துளை. மூன்று குற்றிக்குள், இரண்டு வெளியே, இரண்டும் இடப்பக்கம்.

"இனி எலிக்கு அடிக்கலாமோ மாமா?"

"இல்லையப்பன். விசையை விரல் நுனியால இழு, மடிப்பால இழுக்காதை. ஐஞ்சும் உள்ளுக்க வரட்டும், பிறகு கதைப்பம்."

நேற்று இன்னொரு கடதாசி வந்தது. நாலு உள்ளே.